வடக்கே திருப்பிய ஏரியல்

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வெல்டரின் ஹாம் ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. எண்ணூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் மச்சான், பத்து வருஷமாக இந்த நேரத்துக்கு ஷார்ட்வேவில் வந்துவிடுவார். நாளை வீடு மாறுகிறார். போகிற அடுக்குமாடியில் ஒரு கம்பிகூடக் கட்ட விடமாட்டார்களாம். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

"காலையில நீங்க ஒட்டவச்ச ஏரியல் கம்பிதானே? பேசுமா அது?" என்றாள் வெல்டரின் மனைவி. மச்சானின் தங்கை வேறு எப்படிப் பேசுவாள்?

"கப்பலையே ஒட்டவச்சவன்டி நான்."

"அந்தக் கப்பல் இன்னும் மெதக்குதா?"

வெல்டருக்குச் சுருக்கென்றது. எது கெட்டாலும் ஒட்டைச் சந்தேகப்படுவதுதான் அந்தத் தொழில்காரன் புத்தி. கூரையேறி, ஒட்டின இடத்தையே வெட்டிப் பார்த்தார். ஈயம் பளபளவென்று இருந்தது. மயிரிழை விரிசல் இல்லை. நல்ல கம்பியைத் துண்டாக்கிவிட்டுக் குந்தியிருந்தபோதுதான் உறைத்தது: கெட்டது ஒட்டில்லை, வானம். இந்தக் குளிர்தேசத்து வானில் அவ்வப்போது ஆடுகிற துருவ ஒளி, வடக்கே மேகத்துக்கு அந்தப் பக்கம் எழும்பியிருக்க வேண்டும். அது ஆடுகிற நாளில் ஷார்ட்வேவ் படுத்துவிடும். ஆனால் ஷார்ட்வேவைவிடச் சின்னதான, மற்ற நாளில் பக்கத்து ஊரைத் தாண்டாத குட்டி அலை, அந்த ஒளியில் பட்டுத் தெறித்து வெகுதூரம் போகும்.

குட்டி அலைக்கென்று சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு ஏரியல், இரும்புக் குழாயில் மூன்று வருஷமாகக் கிழக்கே பார்த்து நின்றது. அதில் ஒரு தடவைகூட மச்சான் அகப்பட்டதில்லை. வெல்டர் குழாயை ரெஞ்சால் பிடித்து வடக்கே திருப்பினார்.

"அண்ணன் இருக்கிறது கிழக்குல!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"சுவத்துல அடிச்ச பந்து பக்கத்துல நிக்கிறவன் கைக்குப் போகுமில்ல? அது மாதிரி. ஆனா உங்கண்ணனும் வடக்க திருப்பணும். அவருக்குத் தோணணுமே!"

இறங்கி வந்து மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தட்டினார். ஒளியில் பட்டால் பேச்சு கரகரத்துப் போகும். மோர்ஸ்தான் கொஞ்சமாவது தேறும். இருபது நிமிஷம் தட்டினார். டீ ஆறி ஆடை கட்டியது. கை வலித்தது.

பிறகு ஒரு சீறல். விசில் மாதிரி வர வேண்டியது, அரத்தால் இரும்பைத் தேய்க்கிற மாதிரி வந்தது. எழுத்து பிடிபடாமல் பென்சிலோடு முழித்தார்.

ஈரக்கையோடு வந்து நின்றவள், "அண்ணன்தான்" என்றாள்.

"உனக்கு எப்படி மோர்ஸ் தெரியும்?"

"எழுத்தெல்லாம் யாருக்குத் தெரியும்? கடைசியில ஒரு இழுப்பு இழுக்குது பாருங்க. சின்ன வயசுல கதவத் தட்டுறதும் இப்படித்தான்."

வெல்டர் கண்ணை மூடிக் கேட்டார். அதே இழுப்பு. அதைப் பிடித்துக்கொண்டதும் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எழுதி முடித்துப் பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னவாம்?"

"வடக்க திருப்ப லேட்டாயிடுச்சாம். தன்னோட ஒட்டுதான் கெட்டுப்போச்சுன்னு அவரும் ஷார்ட்வேவ் கம்பிய வெட்டிட்டாராம்."

"சரியான ஜோடி!" அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணனாவது நாளைக்குக் கழட்ட வேண்டியதத்தான் வெட்டியிருக்கு. உங்களுக்கு என்ன வந்துச்சு? சரி, தட்டுங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க."