ஒடிலியா போட்ட தவறான குறி

மனிசாலெஸ் நகரில் மருத்துவ மாணவர்களுக்குத் தேர்வு என்றால், எல்லோரும் ‘டோன்யா’ என்று மரியாதையாக அழைக்கும் ஒடிலியாவுக்குக் கொண்டாட்டம். டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. தேர்வில் நோயாளியாக நடிக்கத் தன்னார்வலராகப் போகிறவர். மூச்சிரைப்பு, மூட்டுவலி, எதைக் கொடுத்தாலும் வெளுத்து வாங்குவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அன்று கொடுத்த அட்டையில் இப்படி இருந்தது: ‘வெளியே போகவே பிடிக்கவில்லை என்று சொல்லவும். உண்மைக் காரணம், சிரித்தால் இருமினால் சிறுநீர் கசிகிறது. நேராகக் கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளவும்.’ ஒடிலியாவுக்கு முகம் சுட்டது. பெற்ற மகளுக்கே தெரியாமல் உள்ளே துணி வைத்துக்கொண்டு நடமாடுகிறவர் அவர். வேறு வேடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள்.

முதலில் வந்த இரண்டு மாணவர்கள் தூக்க மாத்திரை எழுதிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்த மரிசெல் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன், சங்கடப்படாதீங்க. சிரிச்சா, இருமினா ஒண்ணுக்கு கசியுதா? நிறையப் பேருக்கு இருக்கறதுதான்.”

“சேச்சே, எனக்கு அதெல்லாம் கிடையாது மகளே.”

வாய் முந்திக்கொண்டது. அந்தப் பெண்ணும் நம்பிவிட்டாள். மணி அடித்ததும் மதிப்பெண் தாளை நிரப்ப வேண்டியது நோயாளியாக நடிப்பவர்தான்; அறையில் வேறு யாரும் இருப்பதில்லை. ‘கசிவைப் பற்றிக் கேட்டாரா?’ என்ற கட்டத்தில் ஒடிலியா ‘இல்லை’ என்று குறி போட்டார். ‘ஆம்’ என்றால், கேட்டும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கிளறுவார்கள், தன் பொய் வெளியே வந்துவிடுமே. அந்த ஒரு கேள்வி போனால் தேர்வே போச்சு என்பது அவருக்குத் தெரியும்.

தன்னார்வலர்கள் பனேலா என்ற வெல்லப் பானமும் பாலாடைக்கட்டியுமாக உட்கார்ந்திருந்த கூடத்துக்கு மரிசெல் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அழுத கண்ணோடு வந்தாள். தேர்வுக்குப் பொறுப்பான டாக்டர் பெர்டோமோ அங்கே நின்றிருந்தார்.

“நான் கேட்டேன் டாக்டர். சத்தியமா கேட்டேன்.”

“டோன்யா ஒடிலியா பதினொரு வருஷமா வர்றாங்க. அவங்க தப்பாப் போடமாட்டாங்கம்மா.”

ஒடிலியா கையிலிருந்த பாலாடைக்கட்டியைத் தட்டில் வைத்தார். அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“அவ கேட்டா டாக்டர். நான்தான் பொய் சொன்னேன். தாள்லயும் பொய்தான் போட்டேன்.”

“மறந்திருப்பீங்க. வயசானா சகஜந்தானே,” என்று அவர் தாராளமாக வழி விட்டார்.

“மறக்கல. அது எனக்கே இருக்கு. வெக்கமா இருந்துச்சு.”

பதினொரு வருடச் சிநேகிதிகள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள். மரிசெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒடிலியாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

“எவ்வளவு நாளா இருக்கும்மா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நாலு வருஷமா,” என்றார் ஒடிலியா, தரையைப் பார்த்தபடி.