நாணலுக்குள் போன பலகைப் பாதை

அந்த ஞாயிற்றுக்கிழமை யசோதராவுக்கு இருந்த ஒரே ஆசை, கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக் கிடப்பதுதான். ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. கிழமை முழுக்க ஈரத் துணி தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே கணவர் குகதாசன் இருப்பார். பார்சல் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மனிதர், போன வருடம் பக்கவாதம் வந்து வேலைத்தலத்திலேயே விழுந்தார். வலது பக்கம் கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய், பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பிக்கொண்டிருந்தது. காலையில் வீட்டுக்கு வந்து பராமரிக்கிற ஸ்பிடெக்ஸ் சேவையிலிருந்து ஒரு பெண் வந்து அவரைக் கழுவி உடுப்பு மாற்றிவிட்டுப் போவாள். மிச்சமெல்லாம் யசோதராவின் தலையில்தான்.

மகள் ஹரிஷா பேர்ண் நகரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். வார இறுதியில் எப்போதாவது வருவாள். வரும்போதெல்லாம் ஒரு திட்டத்தோடுதான் வருவாள்.

"அம்மா, அப்பா இப்பிடி நாலு சுவருக்குள்ளயே கிடந்தா எப்பிடிச் சுகம் வரும்? தெரபிக்காரியும் வெளிய கூட்டிக்கொண்டு போகச் சொன்னவா தானே. வாவிக்குப் பக்கத்தில ஒரு இயற்கைக் காப்பகம் இருக்கு. ரோல்ஸ்டூல் போற மாதிரிப் பாதையெல்லாம் போட்டிருக்கிறாங்கள்."

கைபேசியில் படமும் காட்டினாள். நாணல்களுக்கு நடுவே பலகை அடித்த பாதை. ரோல்ஸ்டூல் என்கிற சக்கர நாற்காலியில் தூரநோக்கியோடு சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவர். தள்ளுகிறவரின் இரண்டு கைகள் மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தன.

"நீங்கள் ரண்டு பேரும் போட்டு வாங்கோவன், பிள்ளை" என்றாள் யசோதரா.

"நீங்கள் இல்லாமலோ? அப்பாவை நான் தனிய எப்பிடிச் சமாளிக்கிறது?"

மறுத்துக் கதைக்கவும் ஒரு தெம்பு வேண்டும். யசோதராவிடம் அது இருக்கவில்லை. விடிய எழும்பிச் சோற்றைக் குழைய வைத்து, பருப்பும் பூசணிக்காயும் சேர்த்து மசித்து, டப்பாவில் போட்டாள். புரைக்கேறாமல் இருக்க அவர் குடிக்கிற தண்ணீருக்குள் கலக்கிற தடிப்பாக்கும் மாவு, மாற்று உடுப்பு, துவாய், மருந்து எல்லாம் பையில் ஏறின. அவரைக் காருக்குள் ஏற்றும்போதே அவளுக்குப் பாதி நாள் முடிந்துபோனது போல இருந்தது.

காப்பகத்து வாசலில் சனம் நிறைந்திருந்தது. நெருப்பு மூட்ட அனுமதித்த இடத்தில் குடும்பம் குடும்பமாகச் சுற்றியிருந்து சொசேஜ் சுட்டார்கள். நாயைக் கட்டிக்கொண்டு போ, பாதையை விட்டு இறங்காதே, பூப்பறிக்காதே என்று அறிவிப்புப் பலகையில் படம் போட்டிருந்தது. பலகைப் பாதை நாணலுக்குள் நுழைந்து வளைந்து போய், தண்ணீரோரத்தில் பறவை பார்க்கிற ஒரு மரக்கூண்டில் முடியும் என்று ஹரிஷா வாசித்துச் சொன்னாள்.

"முடிவுமட்டும் போவமே, அப்பா?"

"போவம்" என்றார் குகதாசன். கொஞ்ச நாளாக அந்தச் சொல் அவருக்குச் சுலபமாக வந்தது.

ஹரிஷாதான் தள்ளினாள். யசோதரா பையோடு பின்னால் நடந்தாள். பாதை நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் கைபிடிக் கம்பி. வலது பக்கத்தில் சக்கரம் இறங்காமல் தடுக்க ஒரு தாழ்வான மரச்சட்டம் மட்டும். எதிரே வந்தவர்கள் வளைவுகளில் இருந்த அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று, வணக்கம் சொல்லி, வழிவிட்டார்கள். தவளைகள் கத்தின. ஹரிஷா ஒவ்வொன்றையும் காட்டினாள்: "அங்க பாருங்கோ அப்பா, கொக்கு! அம்மா, பாத்தனீங்களோ?" யசோதரா "ஓம், ஓம்" என்றாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் சப்பாத்தும் அதற்கு முன்னால் இருந்த பலகையும்தான்.

கடைசி வளைவு தாண்டி நல்ல தூரம் போன பிறகு, பாதைக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. அப்பால் பலகைகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். திருத்த வேலையாம், வருந்துகிறார்களாம் என்று ஒரு அட்டை தொங்கியது.

"இதை முன்னுக்கே எழுதிப் போட்டிருக்கலாம் தானே!" ஹரிஷாவுக்குக் கோபம் வந்தது. "பரவாயில்லை, அந்த வளைவுமட்டும் பின்பக்கமா இழுப்பம்."

நாற்காலியைத் திருப்ப அந்த இடத்தில் அகலம் போதாது. ஹரிஷா பின்னோக்கி இழுத்தாள், வேகமாக இழுத்தாள். ஓரிடத்தில் வலது பக்கச் சட்டம் ஈரத்தில் உக்கி உடைந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பெரிய சக்கரம் பலகையை விட்டு நழுவிக் கீழே இறங்கியது. நாற்காலி சேற்றுப் பக்கம் சரிந்தது. யசோதரா பையை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவரின் தோளைப் பிடித்தாள். அவர் இடது கையால் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார். நாற்காலி மேற்கொண்டு சரியாமல் சாய்ந்தபடி நின்றது.

இரண்டு பேருமாகத் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. குகதாசன் உருவத்தில் பெரிய மனிதர். அவரின் பாரம் முழுக்க அந்தச் சக்கரத்தில்தான் இருந்தது.

ஹரிஷாவின் முகம் வெளிறிப்போனது. "நான் ஓடிப்போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன். அம்மா, விடாமல் பிடியுங்கோ." பலகைகள் தடதடக்க அவள் ஓடினாள். சத்தம் தேய்ந்து மறைந்தது.

யசோதரா கணவரின் தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து முழங்காலில் இருந்தாள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. நுளம்பு ஒன்று கழுத்தில் கடித்தது. அடிக்கக் கை இல்லை. ஒருவரும் வரவில்லை. எதிர்பாராமல் அவளுக்கு வாய் திறந்துவிட்டது.

"எனக்கு ஏலாதப்பா" என்றாள். "உண்மையா ஏலாது. காலமை எழும்பினா உங்களைத் தூக்கிறது, வேலைக்குப் போனா ஈரத்துணி தூக்கிறது, வந்தா திரும்ப உங்களைத் தூக்கிறது. நான் என்ன பாரந்தூக்கியோ? வீட்டில கிடப்பம் எண்டா அதுக்கும் விடுறியள் இல்லை. கொக்குப் பாக்க வந்தனாங்களாம், கொக்கு!"

அவர் இப்படி ஆன பிறகு ஒரு நாளும் அவள் அவரின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னதில்லை. அவர் அழுதுவிடுவார் என்று நினைத்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிறவர்.

அவர் அழவில்லை. கைபிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிக் கோணி ஒரு சொல்லைத் தேடியது.

"நிப்பன்."

"என்னது?"

"நான்... நிப்பன்."

"பேசாம இருங்கோ!" மாரிகாலத்தில் குளியலறையில் அவரை நிற்க விட்டபோது, சாய்ந்து விழுந்து நெற்றி வெடித்தது. அந்த இரத்தத்தைத் துடைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து வீட்டில் அவர் எழும்பி நிற்பதென்ற கதைக்கே இடமில்லை. தெரபியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை நிற்பாட்டிப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேலை. ஒரு நாளும் பார்த்ததில்லை.

குகதாசன் அவளின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்து, இடது காலைப் பலகையில் ஊன்றி, முன்னுக்குச் சாய்ந்தார். இனித் தடுத்தால் இரண்டு பேருமாகச் சேற்றில் விழ வேண்டியதுதான். யசோதரா அவரின் வலது அக்குளுக்குள் கையைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழும்பினார். கோணலாக, மூச்சு வாங்கியபடி, கால் உதற, ஆனால் எழும்பி நின்றார். அவ்வளவு நாள் மேலிருந்தே பார்த்த முகம், இப்போது அவளுக்கு மேலே இருந்தது.

"விடு" என்றார்.

"விழுந்திடுவியள்."

"விடு!"

அவரை விட்டால்தான் நாற்காலியைப் பிடிக்கலாம். யசோதரா முதலில் ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள். அவர் கம்பியில் தொங்கினாற்போல நின்றார். அவள் திரும்பி, வெறும் நாற்காலியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். பாரமில்லாத சக்கரம் ஒரே இழுவையில் பலகைக்கு ஏறியது. அதை அவருக்குப் பின்னால் நகர்த்தி, பிரேக்கைப் பூட்டி, இடுப்பைப் பிடித்து அவரை இருத்தியபோதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரின் காற்சட்டை நனைந்திருந்தது. அந்தப் பிரயத்தனத்தில் தன்னையறியாமல் சிறுநீர் போயிருக்கிறது. யசோதரா துவாயை எடுத்து மடியில் விரித்துவிட்டாள்.

"நிண்டன்" என்றார் அவர்.

"ஓம். நிண்டனீங்கள்."

ஹரிஷா இரண்டு ஆண்களோடு ஓடி வந்தபோது தூக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒருவரின் கையில் சொசேஜ் திருப்புகிற இடுக்கி அப்படியே இருந்தது. அவர்கள் நாற்காலியைப் பத்திரமாக வளைவுவரை பின்பக்கமாக இழுத்து, அங்கே திருப்பி, வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

கழிப்பறையில் அவருக்கு உடுப்பு மாற்றி முடிந்ததும், யசோதரா டப்பாவை மகளின் கையில் கொடுத்தாள். "நீ தீத்து." பிறகு ஒரு மரத்தடியில் புல்லில் சாய்ந்தாள்.

ஹரிஷா ஒரு கரண்டி கொடுத்தாள். அவர் மென்று, நிறுத்தி, திரும்ப மென்று, விழுங்கினார். அடுத்த கரண்டிக்குச் செருமினார். ஹரிஷா பதறிப்போனாள்.

"அம்மா, புரைக்கேறுது!"

"பொறு. தலையைக் கொஞ்சம் குனிய விடு. தானா விழுங்குவார்." யசோதரா எழும்பவில்லை.

அவர் விழுங்கினார். ஹரிஷா கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். "ஒவ்வொரு நாளும் இவ்வளவு மெதுவாவோ?"

"ஓம்."

"நீங்கள் ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? போன் எடுத்தா சுகமோ எண்டு கேப்பாய். சுகம் எண்டுதானே சொல்லுறது."

ஹரிஷாவின் கண் நிறைந்துவிட்டது. "இனி ஒவ்வொரு ஞாயிறும் நான் வாறன், அம்மா. சத்தியமா."

"ஒவ்வொரு ஞாயிறும் வேண்டாம், பிள்ளை. பிறகு உனக்கும் ஏலாமப் போயிடும். மாசத்தில ரண்டு நாள் வா. வந்தா நீயும் அப்பாவும் எங்கயும் போங்கோ, காடோ, வாவியோ. நான் வரேல்லை."

"தனிய எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயம்தான். இன்னும் இருக்கு. அடுத்த கிழமை தெரபிக்கு லீவு கேட்டுக்கொண்டு நான் போறன். அவரை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு அவயள் காட்டட்டும். பிறகு உனக்குக் காட்டுறன்."

"போவம்" என்றார் குகதாசன், சோறு நிறைந்த வாயோடு. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தெரபியைச் சொன்னாரா, காட்டைச் சொன்னாரா, வீட்டைச் சொன்னாரா என்று விளங்கவில்லை. ஹரிஷா அடுத்த கரண்டியை அள்ளினாள். இந்த முறை அவசரப்படாமல் காத்திருந்தாள்.

யசோதரா கண்ணை மூடினாள். யாரோ பிள்ளைகள் பந்து அடித்தார்கள். விழித்தபோது மரத்தின் நிழல் அவளை விட்டு விலகிப்போயிருந்தது. குகதாசன் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கினார். தண்ணீர்த் தொட்டியடியில் ஹரிஷா டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். இனி அவரைக் காருக்குள் ஏற்ற வேண்டும், வீட்டில் இறக்க வேண்டும். யசோதரா அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். பிறகு மற்றப் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் கிடந்தாள்.