படகைத் திருப்பியவர்

லூலே ஒரு கையால் பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டே மறு கையால் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏவி, அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் மாறினாலும் பால்கனியில நின்னு துண்டை ஆட்டு. பால் வரிசையை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்.”

“நான் போறேன்மா. நீ அவர்கிட்ட இரு.”

“நீ போனா அந்தக் கடைக்காரி தண்ணிப் பாலை உன் தலையில கட்டிடுவா. மூணு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் பால்சூப் வேணும்னு வாயைத் திறந்திருக்கார். வந்ததும் அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. பதினெட்டு வருஷமா தொண்டையில நிக்குது. இன்னைக்கும் சொல்லலேன்னா நான் மனுஷியே இல்ல.”

என்னவென்று ஏவி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

ஏவியின் அப்பா ஹெல்துர், தாலின் நகரத்து ஸ்டுடியோவில் முப்பத்தோரு வருஷம் பொம்மைப் படங்களுக்குப் பொம்மை நகர்த்தியவர். பொம்மையின் கையை மயிரிழை நகர்த்தி விலகுவார், கேமராவில் ஒரு க்ளிக். மறுபடி ஒரு மயிரிழை. திரையில் ஒரு விநாடி ஓட இருபத்துநாலு க்ளிக். “இவர் பொம்மை கதவைத் திறக்கிறதுக்குள்ள என் புள்ளைக்குப் பல்லு முளைச்சிடுச்சு” என்று லூலே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்த காலம் அது.

சொந்தமாக அவர் இயக்கியது ஒரே ஒரு படம். மரப்பொம்மை மீனவன் ஒருவன் கடைசியில் படகேறிக் கடலுக்குள் போய்விடுவான், அவ்வளவுதான் கதை. சோவியத் காலம். மாஸ்கோ தணிக்கையிலிருந்து கேள்வி வந்தது: எங்கே தப்பிப் போகிறான், அக்கரை ஸ்வீடனுக்கா? திரும்பி வரச் சொல்லுங்கள். பொம்மையிடம்கூடப் பாஸ்போர்ட் கேட்ட புண்ணியவான்கள்! ஹெல்துர் முடியாது என்றார். லூலேதான் இரண்டு பிள்ளைகளையும் அவர் முன்னால் நிறுத்தி அழுதாள். அவர் ஸ்டுடியோவுக்குப் போய், ஒன்பது நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், படகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பினார். அதன்பிறகு சொந்தப் படம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அடுத்தவர் பொம்மைகளை நகர்த்தியே ஓய்வு பெற்றார். இப்போது சோவியத்தே இல்லை. யாரும் எந்தப் படகையும் எங்கும் விடலாம். அவருக்குத்தான் நுரையீரல் போய்விட்டது.

ஏவி கட்டிலருகே உட்கார்ந்தாள். போர்வைமேல் அவருடைய வலது கை எழுந்தது. இரண்டு விரல்கள் எதையோ பிடித்தன. மயிரிழை நகர்ந்து நின்றன.

அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வயதில் ஸ்டுடியோவில் முக்காலி போட்டுப் பார்த்திருந்தவள். பொம்மையைத் தொடும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். காற்றுப் பட்டுப் பொம்மையின் தலைமயிர் அசைந்தால் ஒரு நாள் உழைப்பு பாழ். அவர் அடக்கினால் அவளும் அடக்க வேண்டும். க்ளிக் விழுந்த பிறகுதான் இருவரும் விடுவார்கள். ஒருமுறை இருமித் தொலைத்தாள். அவர் திட்டவில்லை. அன்று முழுக்க அவள் பக்கம் திரும்பவுமில்லை.

இப்போதும் அவர் மூச்சை அடக்கினார். ஏவியும் அடக்கினாள். அவர் விட்டதும் விட்டாள்.

“அப்பா, என்ன எடுக்கிறீங்க?”

“பேசாத. இன்னும் கொஞ்சந்தான்.”

அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி.

மறுபடி கை எழுந்தது. மூச்சு நின்றது. ஏவி அசையாமல் இருந்தாள். கை மெல்லப் போர்வையில் இறங்கியது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆனபோது தன் மூச்சை மட்டும் சத்தமில்லாமல் விட்டு, மறுபடி அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அப்படி எத்தனை தடவை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பிறகுதான் “அப்பா” என்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

துண்டோடு பால்கனிக்கு ஓடினாள். கீழே வரிசையில் அம்மாவுக்கு முன்னால் மூன்று பேர்தான். இனி ஆட்டி என்ன பிரயோஜனம்? துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

லூலே ஐந்து மாடி ஏறி மூச்சிரைக்க வந்தாள். “நல்ல கெட்டிப் பால்டி. முழிச்சிருக்காரா?”

“கண்ணை மூடியிருக்கார்” என்றாள் ஏவி. “ஆனா கேட்கும்மா.” அந்தப் பொய் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

லூலே கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மண்டியிட்டு அவர் காதோரம் குனிந்தாள்.

“ஹெல்துர், படகைத் திருப்பச் சொன்னது தப்பு. பயந்துட்டேன். அவனைப் போக விட்டிருக்கணும். நீங்க என்னைத் திட்டியாவது இருக்கலாம். இப்பவாவது ஒரு வார்த்தை திட்டுங்களேன்.”

அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விரல்கள் கன்னத்தைப் பிடிக்கவில்லை, சரிந்தன. பிறகு கையைப் போர்வைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

“எப்போ?”

“நீ வரிசையில நிக்கும்போது. வேலை செய்றார்னு நினைச்சேன்மா. மூச்சை அடக்கியிருக்கார்னு…”

“நான் சொன்னதெல்லாம் கேட்டியா?”

“கேட்டேன்.”

“உங்கிட்டயா சொல்ல வந்தேன்?”

சாவு விழுந்த வீட்டில் உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். குளிருக்காக அக்டோபரிலேயே கட்டில் பக்கத்து ஜன்னலின் இடுக்கில் பஞ்சு அடைத்து, மேலே காகிதப் பட்டை ஒட்டியிருந்தார்கள். லூலே நகத்தால் அதைக் கீறத் தொடங்கினாள். ஏவி உதவிக்கு எழுந்தாள்.

“நீ இரு” என்றாள் லூலே, திரும்பாமல்.

பசை நன்றாகப் பிடித்திருந்தது. காகிதம் துண்டு துண்டாகத்தான் வந்தது.