முன் சக்கரப் பூட்டு

பம்புக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மனைவி கவலைப்படுவாள் என்று தோன்றினால் போதும், உண்மையை அப்படியே விழுங்கிவிட்டு வாயில் வந்த வேறொன்றைச் சொல்லிவிடுவார். மோட்டார் பெல்ட்டில் விரல் நசுங்கினால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்பார். அவள் விரலைப் பார்ப்பாள், பிறகு அவர் முகத்தைப் பார்ப்பாள். "எந்த வீட்டுக் கதவுங்க கிரீஸ் பூசிக்கிட்டு நிக்குது?" என்பாள். அவ்வளவுதான், மனிதர் வழிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன பொய் எதுவும் பத்து நிமிஷம் தாண்டியதில்லை. தாண்டியது ஒன்றே ஒன்று. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மலைமேல் இருக்கும் தோட்டங்களுக்குப் போய்க் கிணற்று மோட்டாரும் தண்ணீர் பம்பும் பழுது பார்ப்பது அவர் தொழில். அதற்காகப் பழைய ஃபோர் வீல் பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. அதற்கு எருமை என்று பெயர் வைத்தவள் மனைவிதான். ஹார்ன் அடித்தாலும் கெஞ்சினாலும் அதன் நடை மாறாது என்பதால் அந்தப் பெயர். பம்பு கழற்றப் போகும் இடத்துக்கெல்லாம் அவளும் கூடவே போவாள். குழாயைப் பிடிப்பாள், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள், தோட்டக்காரர்கள் வாய் பேசினால் அவரைவிட நன்றாகத் திருப்பிக் கொடுப்பாள்.

அந்தக் காலத்து ஃபோர் வீல் வண்டியில் உள்ளே இருக்கும் சின்ன லிவரைத் தள்ளினால் மட்டும் முன் சக்கரம் இழுக்காது. கீழே இறங்கி, இரண்டு முன் சக்கரங்களின் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் ஹப் பூட்டைக் கையால் திருப்ப வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் பக்கத்தில் அவர் வண்டியை நிறுத்துவார். அவள் இடப்பக்கமாகக் குதித்து இறங்கி இரண்டு பூட்டையும் திருப்பிவிட்டு, பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி ஏறிக்கொள்வாள். அவர் லிவரைத் தள்ளுவார். திரும்பி வரும்போது அதே பாலத்தருகே இறங்கிப் பூட்டை விடுவிப்பாள், இல்லாவிட்டால் வண்டி வெட்டியாக டீசல் குடிக்கும். கல்யாணமான மறுமாதம் தொடங்கிய ஏற்பாடு இது. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

பிறகு டவுனிலேயே வேலை நிறைய வந்தது. எருமையின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இழுவிசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, ஒருநாள் பல் உடைந்து போனது. வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவிட்டார்கள். ஆறு வருஷம் எலிகள்தான் அதை ஆண்டன.

ஏழாவது வருஷம் அவளுக்கு வயிற்றில் நோய் வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இனிமே இங்க வெச்சு அலைக்கழிக்க வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க" என்றார். அவர் இதையும் விழுங்கப் பார்த்தார். ஆனால் டாக்டர் அவள் எதிரிலேயே சொல்லிவிட்டதால் வழியில்லாமல் போயிற்று.

அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான். மலைமேல் அவளுடைய அக்கா இருக்கிறாள். தாய் இல்லாத அவளைத் தூக்கி வளர்த்தவள். அந்த வீட்டில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் நாட்களை அக்காவோடு கழிக்க வேண்டும்.

"நாளைக்கே ஒரு ஜீப்பு பேசுறேன்" என்றார் அவர்.

"எதுக்கு? வழியெல்லாம் வாந்தி எடுத்து அடுத்தவன் வண்டியை நாறடிச்சுட்டு, அவன்கிட்ட மூஞ்சியைக் காட்டவா? நம்ம எருமையை எழுப்புங்க. அதுல எடுத்தா நம்ம வாந்தி, நம்ம வண்டி."

"அது எழுந்திருக்க மாசக்கணக்குல ஆகும்."

"நான் அதுவரைக்கும் எங்கயும் போயிட மாட்டேன்" என்று சிரித்தாள்.

மறுநாளே தார்ப்பாயை விலக்கினார். கையில் இருந்தது சொற்பம், முக்கால்வாசியை மருந்துக்கடை விழுங்கிக்கொண்டிருந்தது. புதுச் சாமான் என்ற பேச்சுக்கே இடமில்லை. துருப்பிடித்து ஓட்டை விழுந்த தரைக்குப் பழைய மோட்டார் பெட்டிகளின் தகடுகளை வெட்டிப் பக்கத்துத் தெரு வெல்டரை வைத்து ஒட்டினார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, ஈயம் வைத்து அடைத்தார். வண்டி உயரமாக நிற்கட்டும் என்று, உடைத்துப் போட்ட வேன் ஒன்றின் அடியில் இருந்த ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றை எடுத்து இதன் பட்டைகளோடு சேர்த்துக் கட்டினார். உயர்ந்த வண்டியில் அவளால் ஏற முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. தாழ்வாக ஒரு படியும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தார். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. "உள்ள எப்படி இருக்கும்னு கேக்காதீங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

எல்லாவற்றிலும் அழகு அந்த இருக்கைதான். தொலைதூரப் பேருந்து ஒன்றை உடைத்த இடத்திலிருந்து, சாய்ந்து படுக்கிற இருக்கையாகப் பார்த்து வாங்கி வந்தார். அதை இடப்பக்கம் பொருத்த, அடிச்சட்டத்தை மூன்று முறை வெட்டி மூன்று முறை ஒட்டினார்கள். வெல்டருக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் பம்புக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட் மிச்சமிருந்ததை எடுத்து பிரஷ்ஷாலேயே அடித்தார். கிட்டே போனால் மயிர் மயிராகக் கோடு தெரியும்.

அவள் பின்கதவைத் திறந்து வைத்துக் கட்டிலில் படுத்தபடி மேற்பார்வை செய்வாள். "எருமைக்குப் பச்சைச் சாயமா? ஊர் சிரிக்கப் போகுது" என்பாள். ஒருநாள் அவர் முன் சக்கரங்களைக் கழற்றியபோது, "எனக்கும் ஏதாவது வேலை குடுங்க. சும்மா கிடந்தா பைத்தியம் பிடிக்குது" என்றாள். அவர் இரண்டு ஹப் பூட்டையும் கழற்றித் தட்டில் வைத்துக் கொடுத்தார். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷுமாக நாலு நாள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தாள். கிரீஸை விரல் நுனியால் தடவி வைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்து, எப்போதும் விட்டு வைப்பதுபோலத் திறந்த நிலையிலேயே அவரிடம் நீட்டினாள்.

"மாட்டுறதோட நிறுத்திக்குங்க. இது என் டிபார்ட்மென்ட்டு. கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி."

"உத்தரவு மேடம்" என்று வாங்கி மாட்டினார்.

வண்டி உறுமிக் கிளம்பிய அன்று தெருவே வந்து பார்த்தது. மலைக்கு முதலில் அவளை ஏற்றாமல் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று வெல்டரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். சந்தோஷத்தில் மனிதருக்குக் கால் தரையில் இல்லை. வெல்டர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வர, பாலத்தருகே நிற்காமல் ஒரே ஓட்டமாக ஏறினார். மூன்றாவது வளைவில் எப்போதும் ஊற்றுத் தண்ணீர் கசிந்து சேறாகக் கிடக்கும். அதற்கு முன்னால் லிவரைத் தள்ளினார். வண்டி சேற்றில் இறங்கியது, நின்றது. பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன.

வெல்டர் எட்டிப் பார்த்து, "அண்ணே, முன் சக்கரம் சுத்தவே இல்லண்ணே" என்றார்.

பம்புக்காரர் நெஞ்சில் முதலில் வந்தது பழைய இரும்புக் கடைக்காரரின் முகம். மலிவாகக் கிடைத்த பெட்டி, காலை வாரிவிட்டது என்று தீர்மானித்துவிட்டார். வெல்டருக்குத் தெரிந்த ஃபோர் வீல் எல்லாம் லிவரைத் தள்ளினாலே இழுக்கிற புது ரகம். அதனால் வெல்டரும் ஆமென்று தலையை ஆட்டினார். கல் போட்டு, பலகை போட்டு, வண்டியைப் பின்னோக்கி எடுத்து இறங்கி வந்தார்கள்.

"மலையேத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் அவள்.

வீட்டுக்குள் வந்து கைகழுவிக்கொண்டிருந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டே, "இல்ல, ஒரு பார்ட்டு இன்னும் வரல. வந்ததும் ஏத்த வேண்டியதுதான்" என்றார். பெட்டி வீணாய்ப் போனது என்று சொன்னால் உடைந்துவிடுவாள் என்று பயம். இன்னும் ஒரு வாரம்தானே, சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு. முன்பு என்றால் கால்சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்தே பிடித்திருப்பாள். இப்போது மருந்து அவள் கண்களைப் பாதி மூடி வைத்திருந்தது. பொய் தங்கிவிட்டது.

பெட்டியைக் கழற்றினார். பற்களில் குறை ஒன்றும் தெரியவில்லை. தெரியாத குறை பெரிய குறையாகத்தான் இருக்கும் என்று லேத் பட்டறைக்குத் தூக்கிப் போனார். லேத்காரர் மேஜைமேல் வைத்துச் சுழற்றிப் பார்த்து, "எனக்கென்னமோ நல்லாத்தான் தெரியுது" என்றார். பம்புக்காரர் அதைக் கேட்காமல் பேரிங் மாற்றச் சொன்னார். மாட்டினார், மறுபடி மலைக்குப் போனார், மறுபடி அதே சேறு. மறுபடி கழற்றினார்.

"பார்ட்டு வந்துச்சா?" என்று அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டாள். பிறகு கண்ணால் மட்டும் கேட்டாள். "வந்துடும்மா, வந்துடும்" என்றார். மூன்றாவது வாரம், பின்கதவுக்கு வெளியே அந்தப் பெட்டி செய்தித்தாள்மேல் பல்லும் பட்டையுமாகப் பரப்பிக் கிடக்கும்போது, அவள் போய்விட்டாள். காலை பத்து மணி. அவர் கையில் கிரீஸ் இருந்ததால் அவள் கண்களை வெல்டரின் மனைவிதான் மூடினாள்.

மலையிலிருந்து பால் கொண்டுவரும் ஜீப்பில் அக்கா இறங்கி வந்தாள். வந்தவள் பதினைந்து நாள் தங்கினாள். அவர் சாப்பிட்டாரா என்று பார்ப்பாள், மற்ற நேரமெல்லாம் தங்கையின் புடவைகளை மடித்துக்கொண்டிருப்பாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரப்பிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் பெட்டியை மூடி வண்டியில் மாட்டிவிட்டார். அது இழுக்குமா என்ற யோசனைகூட இல்லை.

அக்கா புறப்படும் நாளில், "மலையடி வரைக்கும் நான் கொண்டுவந்து விடுறேன்க்கா. அங்கிருந்து பால் ஜீப்புல போயிடுங்க. இது மேல ஏறாது" என்றார். அக்கா அந்தச் சாயும் இருக்கையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்தாள்.

பாலம் வந்தது. வண்டி தானாக நின்றதுபோல நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இடப்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி இங்க நிறுத்திட்டீங்க? ஜீப்பு அங்கல்ல நிக்கும்?"

"பழக்கம்க்கா. இங்கதான் அவ இறங்குவா."

"இங்க எதுக்கு இறங்குவா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அக்கா பயந்துபோய், "என்னாச்சு தம்பி?" என்று தோளைத் தொட்டாள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து, இடது முன் சக்கரத்தின் எதிரே மண்ணில் முழங்காலிட்டார். பூட்டு திறந்த நிலையில் இருந்தது. அவள் எப்படி நீட்டினாளோ அப்படியே. விரலை வைத்துத் திருப்பினார். ஒரு முரண்டும் இல்லாமல் வெண்ணெய் மாதிரி திரும்பி விழுந்தது. ஓரத்தில் துளி கிரீஸ் பிதுங்கி அவர் விரலில் ஒட்டியது. முப்பது வருஷத்தில் அதை அவர் திருப்பியது அன்றுதான். வலது பக்கத்தையும் திருப்பினார். ஏறி உட்கார்ந்து, இரண்டு தட்டு கேட்கக் காத்திருந்து, பிறகு தானே லிவரைத் தள்ளினார்.

பால் ஜீப் நின்ற இடத்தைத் தாண்டி எருமை மலை ஏறியது. மூன்றாவது வளைவுச் சேற்றில் இறங்கியது தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. அவ்வளவு சுலபமாக ஏறியது. அந்தச் சுலபத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வளைவு தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு ஓவென்று அழுதார்.

"வண்டி ரெடியாத்தான்க்கா இருந்துச்சு. அவ திருப்புற பூட்டைத் திருப்பாமலே மூணு வாரம் சும்மா நின்னுச்சு. ஏற மாட்டேங்குதுன்னு அவகிட்ட சொல்லல. பார்ட்டு வரலன்னு சொன்னேன்."

அக்காவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் ஆறுதல் சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. படுத்த இடத்துல இருந்தே சொல்லியிருப்பாளே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை மேலே ஓட்டினார். அக்கா வீட்டில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது, விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. தலையணையின் பக்கத்தில், வாந்தி வந்தால் எடுக்க ஒரு கிண்ணமும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் வாசலிலேயே நின்று பார்த்தார். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இறங்கும்போதும் பாலத்தருகே நிறுத்தினார். இனி சமதளம், பூட்டை விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் டீசல் வீணாகும். காலியான இருக்கையைப் பார்த்தார். அது அவளுடைய டிபார்ட்மென்ட். பூட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டினார்.