தும்மனுக்கு ஒரு பொன்னாடை

கஜனியின் மகள் சாம்பவிக்கு ஏழு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சாப்பிட்டாயா என்றால் "வுய்", அதாவது ஓம். படித்தாயா என்றால் அதுவும் இல்லை, தோளைக் குலுக்குவாள். ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் வாயில் தமிழ் வந்தது. அந்த ஆள் தும்மன்.

தும்மன் ஒரு சின்ன நீராவி எஞ்சின். போன கோடையில் கார்டிஃபில் இருக்கும் கஜனியின் அக்கா வீட்டுக்குப் போனபோது, வேல்ஸ் மலைகளுக்குள் ஓடும் பழைய குட்டி ரயில் ஒன்றில் ஏறினார்கள். மலையைக் குடைந்த ஒவ்வொரு குகை வாசலிலும் எஞ்சின் 'புஸ்' என்று ஆவி விட்டது. "அம்மா, அது தும்முது" என்றாள் சாம்பவி. தமிழில்!

கஜனி அதை விடவில்லை. சனிக்கிழமைகளில் வீடு இருக்கும் கூசேன்வில்லிலிருந்து பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்கு வரும் ரயிலில் தும்மனுக்கு ஒவ்வொரு கதை பிறந்தது. தண்டவாளத்தில் தூங்கிய செம்மறியாட்டை எழுப்ப மனமில்லாமல் மத்தியானம் வரைக்கும் காத்து நின்ற கதை. குளிரில் நடுங்கிய தபால்காரிக்குத் தன் ஆவியில் தேநீர் போட்டுக் கொடுத்த கதை.

ஒன்பது கதை சேர்ந்ததும், "புத்தகமாப் போடுவம்" என்றான் கணவன் உதயன். ஆசையாகத்தான் சொன்னான். ஆனால் அவன் லா சப்பலில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு உபசெயலாளர். விஷயம் அன்று மாலையே தலைவர் குகதாசனின் காதுக்குப் போய்விட்டது.

குகதாசனின் புடவைக்கடை மாடியில் கூட்டம் நடந்தது.

"கதை திறம், தங்கச்சி. ஆனா ஏன் வேல்ஸ்?" என்று கேட்டார் அவர். "அந்த எஞ்சினை எங்கடை காங்கேசன்துறைக்கு விட்டா என்ன?"

"அங்கை மலையும் இல்லை, குகையும் இல்லையே அண்ணை. அது எங்கை தும்மும்?"

"சாவகச்சேரியிலை தும்மட்டுமன்! ஆர் மறிக்கப் போயினம்?"

இரண்டு மணி நேரம் பேசினார்கள். முடிவில் எஞ்சின் வேல்ஸிலேயே ஓடலாம் என்று அனுமதி கிடைத்தது. அதற்குப் பதிலாகப் புத்தகத்தில் பதினேழு பேரின் வாழ்த்துரை சேரவேண்டும், படத்தோடு. அச்சாகி வந்தபோது மொத்தம் நாற்பத்தெட்டுப் பக்கம். முதல் முப்பத்தெட்டுப் பக்கமும் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட பெரியவர்கள். ஒன்பது கதைகளில் இரண்டுக்குத்தான் இடம் கிடைத்தது. பின்னட்டையில் குகதாசன், கசங்காத வேட்டியில் சிரித்தார்.

கஜனி அன்று உதயனோடு சண்டை போடவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நீர் கோவிக்காதையும்" என்றான்.

"நான் ஏன் கோவிக்கிறன்? வெளியீட்டிலை நான் மேடையிலை ஒரு கதை சொல்லவேணும். அவ்வளவுதான். பிள்ளை தன்ரை வகுப்புப் பிள்ளைகள் மூண்டு பேரைத் தமிழ்க்கதை கேக்க வாங்கோ எண்டு கூப்பிட்டிருக்கிறாள். தானா, முதல்முறையா. அது நடக்காட்டி அவள் இந்தப் பாஷையை மூடி வைச்சிடுவாள். எனக்குத் தெரியும்."

"நான்தானே அறிவிப்பாளர். நான் பாத்துக்கொள்ளுறன்."

விழா இரண்டு மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. அதனால் மூன்றேகாலுக்குச் சரியாகத் தொடங்கியது. ஆறு மணிக்கு மண்டபத்தை ஒரு சாமத்தியவீட்டுக்கு, யாரோ ஒரு பிள்ளையின் பூப்பு விழாவுக்கு, விடவேண்டும். கதை நிகழ்ச்சிநிரலில் கடைசி.

சாம்பவி முன்வரிசையில் மூன்று தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் சப்பாத்துப் பெட்டியில் அவளே செய்து பச்சை பூசிய தும்மன்.

விளக்கேற்றினார்கள். வரவேற்றார்கள். வாழ்த்தினவர்கள் வாழ்த்தினார்கள், ஒவ்வொருவரும் "நேரத்தின் அருமை கருதி" என்று ஆரம்பித்து இருபது நிமிடம். ஒருவர் ஆங்கிலேயன் ரயிலைக் கண்டுபிடிக்க முன்னமே நமக்கு இருந்தது என்று நிறுவினார். புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை.

"அம்மா, தும்மன் எப்ப வருவான்?" என்று கேட்டாள் சாம்பவி நாலு மணிக்கு.

"இப்ப வருவான்."

ஐந்து மணிக்கு, "எப்ப?"

ஐந்தரைக்குத் தோழி ஒருத்தி கொட்டாவி விட்டாள். சாம்பவி அம்மாவின் பக்கம் திரும்பாமலே, அதே "எப்ப?"வைப் பிரெஞ்சில் கேட்டாள்: "மமோ, சே கோன்?"

கஜனி நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். உதயனுக்கு அந்தப் பார்வை போதும். அவன் கையில் இருந்த தாளில் இன்னும் ஆறு பேச்சாளர்கள் இருந்தார்கள். முதல் பெயர் குகதாசன். உதயன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"அடுத்ததாக, வேல்ஸ் நாட்டிலிருந்து இந்த விழாவுக்கெண்டே வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர், மலைப்பாதைகளில் நீண்டகாலச் சேவையாற்றிவரும் மதிப்புக்குரிய திரு. தும்மன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்! தலைவர் அவர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்."

மண்டபம் கைதட்டியது. வெளிநாட்டு விருந்தினர் என்றால் இந்த மண்டபம் கேள்வி கேட்காது. குகதாசன் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி மேடைக்கு வந்து, கோட்டுப் போட்ட ஒருவரைத் தேடினார்.

சாம்பவி சப்பாத்துப் பெட்டியோடு ஏறினாள். பின்னால் கஜனி.

"ஆர் ஆள்?" என்று மெதுவாகக் கேட்டார் குகதாசன்.

"இவர்தான் அண்ணை" என்றான் உதயன்.

விரித்த பொன்னாடையை மடிக்கும் வழக்கம் சங்கத்தில் இல்லை. படம் பிடிக்கிறவரும் குந்திவிட்டார். குகதாசன் பெட்டிக்குப் பொன்னாடையைப் போர்த்தி, கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

கஜனி ஒலிவாங்கியைப் பிடித்தாள். செம்மறியாட்டுக் கதையைச் சொன்னாள். 'புஸ்' வரும் இடத்தில் நாலு சிறுமிகள் தும்மினார்கள். இரண்டாம் முறை மண்டபமே தும்மியது. ஆறு மணிக்குச் சாமத்தியவீட்டுக்காரர் தட்டுகளோடு வந்து வாசலில் நின்றும் யாரும் எழும்பவில்லை.

அடுத்த கூட்டத்தில் உதயனின் உபசெயலாளர் பதவி போனது. கூட்டக் குறிப்பில் மட்டும், 'வேல்ஸ் நாட்டுப் பிரமுகர் ஒருவர் கலந்துகொண்டு விழாவைச் சிறப்பித்தார்' என்று இருக்கிறது. அதை எழுதச் சொன்னவர் குகதாசன்.

ஆனால் அன்றிரவு வீட்டுக்குப் போகும் ரயிலில் உதயனுக்கு அதெல்லாம் தெரியாது. கஜனி பல மாதங்களுக்குப் பிறகு அவன் தோளில் சாய்ந்திருந்தாள். எதிரே சாம்பவி பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "இந்தச் சீலை தும்மன்ரை மூக்கை மூடுது. எடுத்துவிடுங்கோ. அவன் எப்பிடித் தும்முறது?"