பச்சைப் பெயிண்ட் அடித்த கட்டில்

பழைய மரச்சாமான் வாங்கப் போகிறவர்களில் பாதிப்பேர் அதன் முகத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள். நான் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கடைக்குள் நுழைந்ததும் நாற்காலியைக் கவிழ்த்துப் போடுவேன். மேஜையின் இழுப்பறையை உருவி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். பூச்சி அரித்த மரத்துக்கு ஒரு மணம், ஈரத்தில் கிடந்த மரத்துக்கு இன்னொரு மணம். இழுப்பறை மூலையில் ஆணித்தலை தெரிந்தால் அடுத்ததற்குப் போய்விடுவேன். இரண்டு பலகையும் விரல் கோத்தாற்போல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தால் நின்று விலை கேட்கலாம். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. வாங்குவேன், சுரண்டுவேன், தேய்ப்பேன், மெழுகு போட்டு விற்பேன். என் கண்ணுக்கு ஒரு நல்ல மரம் தப்பாது என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தவள் நான். அந்தக் கண்ணில் கொள்ளியை வைக்க.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு கடை இருக்கிறது. வீடு மாறுகிறவர்களும், வீட்டுப் பெரியவரைப் பறிகொடுத்தவர்களும் வேண்டாத சாமான்களை அங்கே இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடை அவற்றைச் சல்லிசாக விற்று, வருகிற பணத்தை ஒரு அநாதை விடுதிக்குக் கொடுக்கிறது. கடையைப் பார்த்துக்கொள்பவர் ஒரு தாடிக்காரர். முப்பது வருஷம் பெயிண்டராக இருந்து, மூச்சிரைப்பு வந்த பிறகு இங்கே வந்து உட்கார்ந்தவர்.

"வாங்கம்மா, கவுத்துப் போட வந்துட்டீங்களா?" என்பார் என்னைக் கண்டதும்.

"கவுத்துப் பாத்தாத்தானே உங்க கடை யோக்கியதை தெரியும்?" என்பேன் நான்.

அந்தக் கட்டில் மெத்தைக் குவியலுக்குப் பின்னால் சுவரோடு ஒண்டிக் கிடந்தது. நாலு பக்கமும் மரக்கம்பு அழி வைத்துத் தடுத்த குழந்தைக் கட்டில். பச்சைப் பெயிண்ட். ஒரு பூச்சு இல்லை, நாலைந்து பூச்சு; மேல்தோல் வற்றிய குளத்துத் தரைபோல் வெடித்திருந்தது. எவனும் திரும்பிப் பார்க்காத சாமான். நான் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். கை இறங்கியது. அப்படிக் கனத்தால் உள்ளே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கவிழ்த்தேன். ஒரு ஆணி கிடையாது. மரத்துக்குள் மரத்தைச் செருகி மர முளை அடித்திருந்தார்கள். வீட்டுச் சாவியால் காலின் அடியில் ஒரு கீறு கீறினேன். தேன் நிறத்தில் தேக்கு எட்டிப் பார்த்தது. கீறிய இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.

"இது என்ன மரம்?" என்று சும்மா கேட்டேன்.

"பச்சையா இருக்கு. வேற ஒண்ணும் தெரியலம்மா."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவர் எழுந்து வந்து பெயிண்டைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இது அந்தக் காலத்துப் பெயிண்டு. காய்ஞ்சபடி தேய்க்காதீங்க. தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்ங்க. இந்தத் தூசி உடம்புக்கு ஆகாது. நானே சாட்சி."

"தண்ணி பட்டா நார் எழும்பிடும், ரேகை மங்கிடும். பதினாறு வருஷமாத் தேய்க்கிறேன், எனக்கே பாடமா?"

"உங்க இஷ்டம்" என்று இருமிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

அந்தக் கட்டில் விற்பதற்கு அல்ல. வாண்டுக்கு. என் தங்கை மகள், இருபது மாசம். எனக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் அமையவில்லை. அமையாததற்கு நான் அழுததும் இல்லை. தங்கை வீட்டிலேயே பின்னறையில் என் பட்டறை. அவளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். அதுவரை வாண்டு என்னுடையவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நான். அதற்கு அப்போது பதினோரு சொல் தெரியும். தா, போ, இல்ல, காக்கா என்று ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருந்தேன். முதல் சொல் அம்மா இல்லை, பெம்மா. பெரியம்மா என்று சொல்ல வராமல் பெம்மா. தங்கைக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல், எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

அவர்களுக்குத் தெரியாமல் செய்து முடித்து அசத்த வேண்டும் என்று நினைத்தேன். அதனால் கட்டிலை மத்தியானம் கொண்டுவந்து பின்னறையில் வைத்தேன். சாயங்காலம் அறையைப் பூட்டிவிடுவேன். பச்சை நிறத்தை அவர்கள் இருவரும் பார்க்கவே இல்லை. எட்டு நாள் வேலை. கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன், பிறகு உப்புத்தாள். எல்லாம் காய்ஞ்சபடிதான். துவைத்துக் காயப்போட்ட துணியில் தூசி படிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே சண்டை பிடித்திருந்ததால் ஜன்னலையும் சாத்திவிட்டேன். எனக்கு மட்டும் மூக்கில் ஒரு துணி கட்டிக்கொண்டேன். பச்சைத் தூசி அறை முழுக்க மிதந்தது. வாண்டு என் காலடியிலேயே உட்கார்ந்து அந்தத் தூளில் விரலால் கோடு போட்டு விளையாடியது.

பல் முளைக்கிற பருவம். பாதி சுரண்டிய மேல்சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று, வாயை வைத்துக் கறண்டும். மறுபடி மறுபடி அங்கேயேதான் வாயைக் கொண்டுபோகும். நான் சிரித்தேன்.

"இனிக்குதாடி? கடி, கடி. தேக்கு மரம். பல்லு கெட்டியாகும்."

இதை நான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் கட்டிலைக் கூடத்தில் வைத்தபோது தங்கை வாயைப் பிளந்துவிட்டாள். ரேகை ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்துச் சீவின தலைமுடிபோல் தெரிந்தது. "அக்கா, இதைப் போய் அந்தக் கடையில யாரு சும்மா குடுத்துட்டுப் போனாங்க? பைத்தியமா அவங்க?" என்றாள். மாப்பிள்ளை மேல்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "அண்ணிக்குக் கண்ணுல எக்ஸ்ரே இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மூன்றாவது வாரம் வாண்டு சாப்பாட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழும். நாள் கணக்கில் வெளிக்குப் போகாது. பல் வலி என்றோம், பூச்சி என்றோம். பக்கத்து மருந்துக்கடையில் கொடுத்ததையெல்லாம் ஊற்றினோம். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பிறகு சொற்கள் போயின. காக்கா வந்து உட்கார்ந்தாலும் வெறுமனே பார்க்கும். நான் முகத்துக்கு நேரே போய், "நான் யாரு? சொல்லுடி, நான் யாரு?" என்று கேட்பேன். என் வாயை உற்றுப் பார்க்குமே தவிர ஒன்றும் சொல்லாது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார், தங்கை நாற்காலியில், பக்கத்தில் நான், என் மடியில் வாண்டு.

"குழந்தை ரத்தத்துல காரீயம் இருக்கு. நிறையவே இருக்கு. அது மூளையைத்தான் முதல்ல பிடிக்கும். எங்கிருந்து போகுதுன்னு உடனே கண்டுபிடிக்கணும். பழைய தண்ணிக் குழாய், மலிவு விளையாட்டுச் சாமான், ஈயம் பூசின பாத்திரம், எதுவா வேணா இருக்கலாம். முக்கியமா பழைய பெயிண்ட். வீட்ல யாராவது பழைய பெயிண்டைச் சுரண்டினீங்களா?"

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தாடிக்காரர் சொன்னது, ஜன்னலைச் சாத்தியது, வாண்டு மேல்சட்டத்தைக் கறண்டியது, எல்லாம் ஒரே மூச்சில் வந்து நின்றது.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அக்கா பழைய சாமான் வேலைதான் பாக்கறா. அக்கா, அதுல ஏதாவது இருக்குமா?"

"சேச்சே" என்றேன். "இப்பல்லாம் நான் பெயிண்ட் அடிச்ச சாமானே தொடறதில்ல. வெறும் மெழுகு வேலைதான். வாண்டு அந்த ரூம் பக்கம் வர்றதுமில்ல."

ஏன் சொன்னேன்? குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றுமே இல்லை. மரத்தைப் பற்றி நான் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது. தங்கை டாக்டரம்மாவிடம் திரும்பி, "அது இல்ல டாக்டர்" என்றாள்.

வாண்டை ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். நான் வீட்டுக்கு ஓடி வந்து பின்னறையைப் பெருக்கினேன். துடைப்பத்தால் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, வாண்டின் கட்டில் மெத்தையை நடுக்கூடத்தில் போட்டு அடித்துத் தட்டினேன். கட்டிலில் இப்போது பெயிண்ட் இல்லையே, வெறும் மரம்தானே, இனிமேல் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்தவள் நான்.

மாப்பிள்ளை லீவு போட்டு, சமையலறைச் சுவரை இடித்துக் குழாய் முழுவதையும் பேர்த்து மாற்றினார். கையெல்லாம் கொப்புளம். தங்கை பாத்திரங்களை மூட்டை கட்டிக் குப்பையில் போட்டாள், பொம்மைகளையும் போட்டாள். ஒருநாள் நான் சமையலறைக்குள் போனபோது அடுப்பு மேடையில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என் பால்லயே இருந்திருக்குமோ? ஒண்ணரை வருஷம் நான்தானே குடுத்தேன்? பெத்தவளே விஷத்தைக் குடுத்திருப்பேனோ?"

"பைத்தியம் மாதிரி பேசாதே" என்று அவள் முதுகைத் தடவினேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விழுங்கினேன்.

மருந்தில் காரீயம் இறங்கியது. வாண்டு வீட்டுக்கு வந்தது. அதே கட்டிலில், நான் தட்டிப் போட்ட அதே மெத்தையில் படுக்கவைத்தோம். ஒருநாள் கையைத் தூக்கி "தா" என்றது. ஒரு சொல் திரும்பி வந்துவிட்டது என்று தங்கை தெருவெல்லாம் சொன்னாள். நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குழந்தை பிழைத்தது என்றல்ல, நான் தப்பித்தேன் என்று.

பத்து நாள் கழித்து அந்தச் சொல்லும் போயிற்று. ஒரு மத்தியானம் கைகால் வெட்டி இழுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்தத் தடவை அளவு முன்னைவிட அதிகம்.

டாக்டரம்மாவுக்குக் கோபம். "மருந்து குடுத்தோம், இறங்குச்சு. வீட்டுக்குப் போனதும் ஏறியிருக்கு. அப்படின்னா அது இன்னும் உங்க வீட்லதான் இருக்கு. தூசியா இருந்தா பெருக்கினாக்கூடப் பறந்து வீடு பூரா படியும். முதல் தடவையே கண்டுபிடிச்சிருந்தா குழந்தை தேறியிருக்கும். இனிமே பேச்சு வருமான்னு என்னால சொல்ல முடியாது. உயிரைக் காப்பாத்தறேன். அதுக்கு மேல வாக்கு குடுக்க மாட்டேன்."

மாப்பிள்ளை பணம் கட்டப் போனார். வார்டைத் தயார் செய்யும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடையில் ஒரு நீள பெஞ்சு. மருந்தில் அசந்து வாண்டு என் மடியில் கிடந்தது. தங்கை சுவரைப் பார்த்தபடி, "குழாய மாத்தியாச்சு, பாத்திரம் மாத்தியாச்சு, இன்னும் என்ன இருக்கு? வீட்டையே கொளுத்திடட்டுமா?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"கட்டில்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"அதுல பச்சைப் பெயிண்ட் இருந்துச்சு. பழைய பெயிண்ட். நான்தான் தேய்ச்சு எடுத்தேன். ஜன்னலைச் சாத்திட்டு, காய்ஞ்சபடி. எட்டு நாள். வாண்டு பக்கத்துலயே உக்காந்திருந்தா. வாயில வெச்சா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"டாக்டரம்மா கேட்ட அன்னிக்கே."

"முதல் தடவையா?"

"ஆமா."

"அவர் சுவத்த இடிச்சப்பத் தெரியும்?"

"தெரியும்."

"நான் என் பாலுன்னு அழுதப்ப?"

"தெரியும்டி. என்னை அடிச்சுடு. செருப்பால அடி. பாவி நான், எனக்கு வேணும்."

அவள் அடிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். "குழந்தையக் குடு."

வாண்டின் விரல்கள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். விரல் பிரியப் பிரிய அது விழித்துக்கொண்டு சிணுங்கியது. கொடுத்துவிட்டேன்.

வார்டுக் கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "குழந்தைகூட ரெண்டு பேர் வரலாம். அவங்களும் உங்க ஆளா?"

தங்கை என் பக்கம் திரும்பவில்லை. "இல்ல சிஸ்டர். அவங்க வெளியாளு. என் வீட்டுக்காரர் வருவாரு."

நடந்தாள். வாண்டு அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகும் வெகுநேரம் அந்த அழுகை வெளியே கேட்டது. அதில் ஒரு சொல்கூட இல்லை.