இடது தோளில் கரப்பான்

1

காலிங் பெல்லை யாரோ விரலை எடுக்காமல் அழுத்தினார்கள். இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான். வார இதழுக்கு ஒரு பேய்க்கதை கேட்டிருந்தார்கள். முதல் வரி கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவன், அலறியடித்துப் போய்க் கதவைத் திறந்தேன்.

அக்கா. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள்.

"டேய், இதைப் பாரு. பூச்சி கடிச்ச மாதிரியா இருக்கு?"

சால்வையை விலக்கினாள். இடது தோளில், கழுத்து முடியும் இடத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. மேலே பொடிப் பொடியாய்க் கொப்புளம், லேசாக நீர்க் கசிவு. கழுத்துப் பக்கத்து ஓரம் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அக்காவை மறைக்க முயன்றேன். ஒரு வரைவில் அவளைத் தையல்காரி ஆக்கினேன், இன்னொன்றில் நர்ஸ். யாராக வந்தாலும் கதவு திறந்ததும் "டேய்" என்றுதான் ஆரம்பித்தார்கள். விட்டுவிட்டேன்.*

(* ஆசிரியருக்குப் போன் செய்து கதை கரப்பானைப் பற்றியது என்றேன். "பூச்சியா, நோயா?" என்றார். நோய் என்றேன். "பூச்சின்னா படம் போடலாம் சார்" என்று வருத்தப்பட்டார்.)

2

அவள் தோளில் இரவெல்லாம் யாரோ சாய்ந்து

(இந்த வரியை இங்கேயே விட்டுவிடுகிறேன். முடித்தால் கதையும் முடிந்துவிடும்.)

கரப்பான் என்கிற எக்ஸிமாவுக்குப் பிள்ளைகள் அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு

(இது மருத்துவப் பக்கத்துக்குப் போகவேண்டிய வரி. ஆனால் உண்மை.)

தோல் டாக்டர் வாயாடி. அக்கா தோளுக்கு மேல் விளக்கை இழுத்துக்கொண்டே பாடம் எடுத்தார். குழந்தையிலிருந்து முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் வருவது ஒரு வகை. அந்தக் குடும்பத்தில் இழுப்போ ஓயாத தும்மலோ இருக்கும். நாணயம் ஒட்டியது போல வட்ட வட்டமாக வருவது இன்னொன்று. உள்ளங்கையில் ஜவ்வரிசி புதைந்த மாதிரி வருவது வேறு. பொடுகோடு சேர்ந்து தலையிலும் மூக்கோரத்திலும் வருவது வேறு. ரத்தம் தேங்கிக் கணுக்காலில் வருவது, வயதானவர்களின் காலில் வற்றிய குளம் போல வெடிப்பது...

"இத்தனையில எது டாக்டர்?" என்றேன்.

"பேரு அப்புறம். உள்ளேருந்து வருதா, வெளியேருந்து வருதா? முதல்ல அதைத்தான் பிரிக்கணும். உள்ளேருந்து வர்றதுக்கு ஓரம் இருக்காது, மங்கிக்கிட்டே போகும். வெளியேருந்து ஏதோ தொட்டு வந்ததுக்கு ஓரம் இருக்கும். வாட்ச் பட்டின்னா பட்டி மாதிரி, தோடுன்னா தோடு மாதிரி. தொட்டது எதுவோ, அதோட உருவம்."

என் பேய்க்கதைக்கு முதல் வரி அங்கே கிடைத்தது. பேய் விஷயத்திலும் எழுதுகிறவன் முதலில் பிரிக்கவேண்டியது அதைத்தானே?

அக்கா சால்வையைச் சட்டென்று இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "உள்ளேருந்துதான் டாக்டர். எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்."

எங்கள் அம்மாவுக்கு ஒரு கொசுக்கடி கூடத் தடித்ததில்லை.

3

அவள் ஏன் பொய் சொன்னாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தொடர்கதையாக இருந்தால் இரண்டு வாரம் இழுத்திருப்பேன்.

அத்தான் போன பிறகு, அந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தனியாக அங்கே என்ன செய்கிறாள்? வரமாட்டேன் என்கிறாள். அன்று வெளியே வந்ததும் டாக்டர் வீட்டு வாசலிலேயே பேரம் பேசினோம். வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த வீட்டில்தான் ஏதோ இருக்கிறது. அப்போது வந்துவிட வேண்டும். உள்ளிருந்து என்றால் லேசில் ஆறாது, களிம்பு தடவிக்கொண்டு அவள் பாட்டுக்கு அங்கேயே இருக்கலாம்.

ஆறாத வகையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட நோயாளி என் அக்காதான்.

சோதனை எளிது. சந்தேகப்பட்ட பொருள்களையெல்லாம் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். நிக்கல், ரப்பர், வாசனைத் தைலம், சிமென்ட், சாயம். குளிக்கக்கூடாது. இரண்டு நாள் கழித்துப் பிரித்து எந்த இடம் சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

"குற்றவாளிங்களை வரிசையா நிக்க வச்சு அடையாளம் காட்டச் சொல்ற மாதிரி" என்றார் டாக்டர். "உடம்பு பொய் சொல்லாதும்மா. ஒரு தடவை ஒத்துக்காதுன்னு முடிவு பண்ணிட்டா, எத்தனை வருஷம் கழிச்சுத் தொட்டாலும் கண்டுபிடிச்சிரும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

4

சிவந்தது ஒரே ஒரு இடம்.

"ஹேர் டை" என்றார் டாக்டர். "கறுப்பு டையில இருக்கற சாமான். டை அடிப்பீங்களாம்மா?"

"என் தலையைப் பார்த்துட்டா கேக்கறீங்க?"

அக்காவின் தலை பஞ்சு மூட்டை மாதிரி வெள்ளை. டாக்டர் சிரித்துவிட்டார்.

"நீங்க அடிக்கணும்னு இல்ல. பக்கத்துல படுக்கறவங்க அடிச்சாலும் வரும். அதுவும் ஒரு வகைதான். வீட்டுல யாரு அடிக்கறது?"

"அவரு அடிப்பாரு" என்றாள் அக்கா.

அத்தான் தலைக்கு, மீசைக்கு, கிருதாவுக்கு என்று தனித்தனிப் பிரஷ் வைத்திருந்தவர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகும்போதுகூட டை காயட்டும் என்று ஆம்புலன்ஸைக் காக்க வைத்தார். அவர் இறந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.

அதைச் சொன்னேன். டாக்டர் விளக்கை அணைத்தார், ஏனோ மறுபடியும் போட்டார். தோளின் அந்த நேர் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கன்னம் படிகிற அளவு. நேராகக் கோடு போட்டிருந்த இடம், கிருதா.

"பழைய தலையணை ஏதாவது..." என்று டாக்டர் இழுத்தார்.

5

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) தலையணை. உறையில் பழைய சாயக் கறை. எரித்துவிட்டால் சுபம். வாசகர் கோபப்படுவார். போதாததற்கு, காய்ந்து இறுகிய பழைய கறை இவ்வளவு செய்யாது, நேற்று அடித்த தலையாக இருந்தால் செய்யும் என்று டாக்டரே பிறகு போனில் சொன்னார்.

(ஆ) டை அடித்த வேறொரு ஆள். ஆசிரியருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். "இந்த வயசுல எனக்குக் கள்ளப் புருஷனாடா? அதையாவது கொஞ்சம் அழகா எழுதக்கூடாது?" என்றாள்.

(இ) எழுதிக்கொண்டிருக்கும்போது என் இடது தோளைச் சொறிந்தேன். எனக்கு அங்கே ஒன்றுமில்லை. பலமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டேன். (இ)யை எழுதவில்லை.

உங்களிடமே விட்டுவிடுகிறேன். தைரியம் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுக்கும் முன், முடிவில்லாமல் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

6

நல்ல வெயிலில்தான் போனேன். பேரப்படி அக்கா புறப்பட வேண்டிய நாள்.

அலமாரி, குளியலறை, கட்டிலுக்கு அடி எல்லாம் தேடினேன். டையும் இல்லை, பிரஷும் இல்லை. கட்டிலில் இரண்டு தலையணை. இரண்டுமே அத்தான் போன பிறகு நான் வாங்கிக் கொடுத்தவை. அக்காவுடையது நடுவில் குழிந்திருந்தது. மற்றது தட்டிவிட்டது போலப் புதிதாக, உப்பலாக இருந்தது. அதில் யாரும் தலை வைத்ததில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அரை நொடி. தோளில் தலை வைத்துப் படுப்பவருக்குத் தலையணை எதற்கு?

(இந்தக் கேள்வியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

பெட்டி திறந்தபடி தரையில் கிடந்தது. உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தோளில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"கிளம்புக்கா. வெளியேருந்து வந்ததுன்னு டாக்டரே சொல்லியாச்சு. பேச்சு மாறாதே."

"யாருடா மாறினா? வெளியேருந்துதான். ஒத்துக்கறேன்."

"அப்புறம்? தோள் ஆற வேண்டாமா?"

அவள் களிம்பு மூடியைத் திருகினாள். சால்வையை இழுத்து, முதல்முறையாக வலது தோளிலிருந்து விலக்கினாள். அங்கே தோல் சுத்தமாக இருந்தது. குழந்தைத் தோல் போல.

"ஆறும்டா. இனிமே இந்தப் பக்கம் படுத்துக்கச் சொல்லிட்டேன்."